வளவில் படுத்த ராத்திரிகள்

செட்டிநாட்டு வீடுகளில் அந்தக் காலத்தில் அறை சாமான்களுக்கு, வளவு மனிதர்களுக்கு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி ஓர் அறை உண்டு என்றாலும், இரும்புப் பெட்டியும் பித்தளை அண்டாக்களும் பர்மாவிலிருந்து வந்த மங்குச் சாமான்களும் அதை அடைத்துக்கொள்ள, கோடை விடுமுறைக்கு ஆயா வீட்டுக்குப் போன பிள்ளைகள் எல்லோரும் தூண்களுக்கு நடுவே பாய் விரித்து வரிசையாகப் படுத்து, திறந்த முற்றத்தின் வழியே நட்சத்திரங்களைப் பார்த்தபடி கதை கேட்போம். ஆத்தங்குடிக் கல்லில் கன்னம் பட்டால் வரும் குளிர்ச்சிக்காகவே பாயைவிட்டு வேண்டுமென்று உருண்டது உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

அண்மையில் கானாடுகாத்தானில், ஹோட்டலாக மாறிய அப்படியொரு வீட்டில் தங்கினேன். ஆயா காலத்தில் மிளகாய் காய்ந்த பின்கட்டு போன்ற இடத்தில் நீச்சல் குளம். பெண்கள் கூடி உட்கார்ந்து இடைப்பலகாரத்துக்குப் பணியாரம் சுட்ட இரண்டாங்கட்டில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். அன்று மாலை மழை வந்தது. நாலு பக்க ஓட்டிலிருந்தும் கொட்டும் தண்ணீருக்கு அண்டாவை நகர்த்திவைக்க ஓடிய, அந்தச் சாக்கில் தொப்பலாக நனைந்த பிள்ளைகள் யாரும் இல்லை. ராத்திரி எல்லோரும் ஏசி அறைகளுக்குள் போய்விட, வளவு முழுக்கக் காலியாகக் கிடந்தது.

ஆனாலும் அந்த ஹோட்டல்காரர்களுக்கு நான் மனதாரக் கடன்பட்டிருக்கிறேன். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபின் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு அங்கிருந்த தொழிலும் பணமும் போயின. குடும்பங்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சிதறின. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் ஏராளம், பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை. ஓர் ஓடு உடைந்தால் மழை இறங்கும், தேக்கு உளுக்கும், கடைசியில் தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. ஆனால் ஓடு மாற்ற உள்ளூரில் ஒரு கை வேண்டும். இந்த வீட்டில் அந்தக் கைகளைப் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பழைய சுவரின் வழவழப்பைக் கெடுக்காமல் கொத்தனார் விரிசலை அடைத்திருந்தார். தேய்ந்த தரைக்குப் புதுக்கல், கண்ணாடித் தட்டில் அச்சு வைத்து வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, ஆத்தங்குடியிலிருந்தே வந்திருந்தது. ஆள் புழங்குவதால்தான் அந்த வீடு நிற்கிறது.

அங்கே தங்கப் போகிறவர்கள் ஒரு ராத்திரியாவது ஏசியை அணைத்துவிட்டு, ஒரு பாய் கேட்டு வாங்கி வளவில் படுங்கள். ஊரில் இன்னும் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள், பங்காளிகளைக் கூப்பிட்டுப் பேசி, அடுத்த ஐப்பசி மழைக்குள் உடைந்த ஓடுகளை மாற்றிவிடுங்கள்.