‘கோலங்கள்’ ஆதியின் வெகுளியும் கம்பெனி பஸ் உரைமரபும்: ஓர் ஆய்வு

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2007 முதல் 2015 வரை ஓடிய ‘மேட் மென்’ 1960களின் நியூயார்க் விளம்பர அலுவலகம் ஒன்றின் கதை. அதன் நாயகன் எதற்காக அப்படியெல்லாம் நடந்துகொள்கிறான் என்று அங்கே பேராசிரியர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். தொடர் மொத்தமே 92 பகுதிதான். சன் டிவியில் 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்த ‘கோலங்கள்’ 1,533 பகுதிகள். பகுதிக்கு ஒரு நோக்கம் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும், அவர்களுடைய நாயகனைவிட நம் வில்லனுக்குப் பதினாறு மடங்கு நோக்கம் இருந்தாக வேண்டும். தமிழாய்வுலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அக்குறையை நிறைவு செய்யும் பொருட்டு இக்கட்டுரை எழுகின்றது.

‘கோலங்கள்’ அலுவலகத் தொடர் என்பதில் ஐயமில்லை. அபி (தேவயானி) கட்டுமானத் தொழிலுக்கு வருகிறாள். அதே தொழிலில் இருக்கும் ஆதி (அஜய் கபூர்) அவளைத் தலையெடுக்க விடமாட்டேன் என்கிறான். இது வரலாற்றுத் தொடரா என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்தபோது நிகழ்காலம், பார்க்கும்போது பழங்காலம். சங்க இலக்கியமும் அப்படித்தான் ஆயிற்று. மேலும் ஒரு புறச்சான்று: தொடர் நடந்த காலம் பட்டன் செல்போனின் காலம். அந்தப் பட்டன் போனைச் செய்ய நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் ஆலை திறந்தபோது ஆதியின் தொடருக்கு மூன்றாம் வருடம். 2014 நவம்பர் முதல் தேதி அந்த ஆலை ஓட்டத்தை நிறுத்தியது. போனும் போய், ஆலையும் போய், ஆதியின் கோபம் மட்டும் யூடியூப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. வரலாற்றுத் தொடர் என்பதற்கு இதைவிட என்ன கல்வெட்டு வேண்டும்?

முன்னாய்வுகள் குறித்து ஒரு சொல். அவை இல்லை. ‘சங்க இலக்கியத்தில் மேலாண்மை’, ‘திருக்குறளில் மனிதவளம்’, ‘சிலம்பில் சந்தைப்படுத்தல்’ என்ற போக்கில் கருத்தரங்கத் தொகுதிகள் எடைக்குப் போடும் அளவுக்கு உண்டு. மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் தலைகாட்டியதால் பன்னாட்டுக் கருத்தரங்கமானவை அவை. கட்டணம் கட்டியவருக்கு நான்கு நிமிடம், ஒரு சால்வை, ஒரு சான்றிதழ். அவற்றில் கருதுகோள் முதலிலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிடுவதால் ஆய்வு இடையூறின்றி நடக்கிறது. 2022ல் எம்.ஃபில். படிப்பும் 2025 பிப்ரவரியில் யுஜிசியின் கேர் இதழ்ப் பட்டியலும் கைவிடப்பட்ட பிறகு, பிரசுரத்துக்கு எங்கே பணம் கட்டுவது என்றே தெரியாமல் அறிஞர் பலர் தவிக்கிறார்கள். இந்தச் சூழலில் ஆய்வுக்களத்தைப் பஸ்ஸுக்கு மாற்றுவது தவிர்க்க முடியாததாயிற்று.

களம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் வழித்தடங்களில் ஓடும் கம்பெனி பஸ்கள். இந்த மண்ணுக்கும் உரைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. பிரம்மசூத்திரத்துக்கு உரை கண்டு ‘பாஷ்யகாரர்’ என்றே பெயர் வாங்கிய ராமானுஜர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில்தான். தொல்காப்பியத்துக்கு ஆயிரம் ஆண்டு காத்திருந்தும் கிடைத்த பழைய உரையாசிரியர்கள் அறுவர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்த மகளிர் விடுதியில் தங்கக்கூடியவர்கள் 18,720 பேர். ஒரு வளாகத்துக்குள் இத்தனை உரையாசிரியர்களை மதுரையின் எந்தச் சங்கமும் கண்டதில்லை. இவர்களில் பலர் தொடர் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள். ஏ ஷிஃப்டுக்கு விடியுமுன் ஏறி, ஒரே இயர்போனின் இரண்டு முனைகளை இரண்டு பேர் மாட்டிக்கொண்டு, பழைய பகுதி ஒன்றைப் பார்த்து முடித்து, பிறகு சண்டை போடுகிறார்கள்.

ஆழம் போக்குவரத்தைப் பொறுத்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிய டிரெய்லர் ஒன்று அங்கே திரும்பத் திணறினால், சொத்துத் தகராறு என்ற அளவில் நின்றிருந்த விளக்கம் குழந்தைப் பருவ ஏக்கம் வரை இறங்கிவிடும். சாலை காலியாக இருக்கும் ஞாயிறு ஓ.டி. நாட்களில் ஆதி வெறும் கெட்டவன்.

உரைமரபுகளை இருக்கை வாரியாகப் பகுக்கலாம். முன்வரிசையார் காரணம் சொத்து என்பர். ஜன்னலோரத்தார் உறங்குவர், அவர் கருத்துக் கிடைத்திலது. டிரைவர் அண்ணன் எல்லாவற்றுக்கும் டைரக்டரே காரணம் என்பார், அதன்பின் ஹாரன் அடிப்பார்.

நடுவரிசை மரபே இவ்வாய்வின் உயிர்நிலை. இதைக் குவாலிட்டிப் பள்ளி என்று அழைக்கிறோம். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நிற்கிறவர்கள் என்பதால், ஒரு பொருள் ரிஜெக்ட் ஆனால் ஏன், அதற்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து முறை கேட்டு ரூட் காஸ் எழுதும் ‘ஒய்-ஒய்’ முறை இவர்களுக்குக் கைவந்தது. டொயோட்டாவில் பிறந்து உலக ஆலைகளெங்கும் பரவிய இம்முறையை ஆதியின்மேல் முதன்முதலாகப் பிரயோகித்தவர் ஒரு லைன் லீடர் அக்கா (கள உரையாடல், பஸ் நின்றிருந்தபோது).

“ஆதி ஏன்டி அபி சைட்ல வேலைய நிறுத்துறான்?”

“தொழில் போட்டி அக்கா.”

“மெட்ராஸ்ல வேற பில்டரே இல்லியா? அவ மேல மட்டும் ஏன்?”

“அவ இவன் அப்பாவோட மூத்த குடும்பத்துப் பொண்ணாச்சே.”

“இருந்துட்டுப் போகட்டும். இவனுக்கு ஏன் எரியுது?”

“அப்பா மனசு அந்தப் பக்கம் சாயுதுன்னுதான்.”

“ஏன் சாயுது?”

“விட்டுட்டு வந்துட்டமேன்னு உறுத்தல்.”

“ஏன் விட்டுட்டு வந்தாரு?”

ஐந்தாம் ஏன் கேட்கப்பட்டதும் பஸ் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஐ.டி. கார்டைத் தேடும் அவசரத்தில் விடை பதிவாகவில்லை. மறுநாள் அதே இருக்கைகளில் ஆய்வு தொடர்ந்தது. அக்காவின் முடிவு: ஆதி வெறும் டிஃபெக்ட், ரூட் காஸ் அபிக்கும் ஆதிக்கும் அப்பாவான ஈஸ்வரமூர்த்தி. காரெக்டிவ் ஆக்‌ஷன்: “முதல்ல அந்தப் பெரிய மனுஷன லைன விட்டு எடுக்கணும். ஆப்பரேட்டர் கவனக்குறைவுன்னு ஆதி பேருல எழுதிட்டுப் போனா அடுத்த ஷிஃப்ட்லயும் இதே ரிஜெக்‌ஷன்தான் வரும்.” (வாய்மொழி, சாட்சி: பக்கத்து சீட், எதிர்ச்சாட்சி: அதே சீட், மதியம்.)

இங்கே பாடபேதம் ஒன்று உண்டு. மூலக்காரணம் ஈஸ்வரமூர்த்தி அல்லர், எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காத பெரியவர்கள் அத்தனை பேரும்தான் என்று இன்னொருத்தி மீன்முள் படமே வரைந்தாள். மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட் என நாலு முள். மெத்தட் முள்ளின் நுனியில் ‘டெய்லி ஒம்போது மணி’ என்றிருந்ததாகக் கேள்வி. ஆதி சமாதானமாகிவிட்டால் மறுநாள் ஒன்பது மணிக்கு எதைக் காட்டுவது என்பது அதன் பொருளாகலாம். படத்தின் மூலப்படி இன்று இல்லை. (தூசிக் கண்ணாடிச் சுவடி, வலப்புறம், நான்காம் ஜன்னல், ரப்பர் பீடிங் பிய்ந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, சுட்டுவிரல் எழுத்து, வாட்டர் வாஷுக்கு முந்தைய பாடம், படியெடுத்தவர் பின்சீட்டுக்காரி, அவர் படி டிபன் பாக்ஸ் மூடியின் உட்புறம், சாம்பார்க் கறையால் மூன்றாம் முள் சிதைந்தது, மூடியின் தற்போதைய உரிமையாளர் அதைத் தரமறுக்கிறார், புளிச்சோறு இருக்கிறதாம்.) ஆற்றோடு போன ஏடுகளுக்காகக் கண்ணீர் விட்ட தமிழுலகம் இந்த வாட்டர் வாஷுக்கு ஒரு சொட்டும் விடவில்லை.

இனி, வெகுளி. கோபம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக வகுத்தார்: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைக்கழித்தல், கொல்லுதல். ஆதியின் கோபம் இரண்டாம் வகை என்பது வெளிப்படை. அவன் குடி கெட்டதாக அவனும் அபியின் குடி கெட்டதாக அவளும் நினைப்பதால் ஒரே சூத்திரம் இரண்டு வீட்டுக்கும் செல்லும். நடுவரிசையார் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறார்கள்: தங்கை கல்யாணத்துக்குக் கேட்ட லீவு கிடைக்காமை. இளம்பூரணரும் பேராசிரியரும் மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதியவர்கள்தாம், ஆனால் இருவருமே எச்.ஆர். முன்னால் நின்றவர்கள் அல்லர்.

இங்கு ஒரு சிக்கலையும் பதிவு செய்ய வேண்டும். “தொல்காப்பியன் அப்பவே சொன்னான், அபிதான் கேக்கல” என்ற மேற்கோள் பின்வரிசையில் அடிக்கடி ஆளப்படுகிறது. மூன்று அதிகாரம், இருபத்தேழு இயல் முழுக்கத் தேடியும் அப்படியொரு நூற்பா அகப்படவில்லை. இடைச்செருகலாக இருக்கலாம், செல்லரித்த பகுதியாகவும் இருக்கலாம். தொடரில் அபியின் தோழன் பெயர் தொல்காப்பியன், செல்லமாகத் தொல்ஸ், நடித்தவர் தொடரை இயக்கிய திருச்செல்வமே என்று எளிய விளக்கம் ஒன்றும் சொல்லப்படுகிறது. எளிய விளக்கங்கள் பதவி உயர்வுக்கு உதவுவதில்லை என்பதால் அது இங்கே ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

ஒப்பாய்வு இல்லாமல் கட்டுரை முழுமை பெறாது. அதே திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ தொடரிலும் வில்லன் பெயரில் ஆதி உண்டு, ஆதி குணசேகரன். அவராக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அந்த வாரம் பஸ்களில் யாரும் நோக்கம் பற்றிப் பேசவில்லை. அவரைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். முகம் மாறினால் நோக்கமும் மாறுமா என்ற வினா எழுந்தது. கோட்பாட்டாளர்களைக் கேட்டிருந்தால் ஆசிரியன் இறந்துவிட்டான் என்பதில் தொடங்கி ஒரு பருவம் முழுவதும் பேசியிருப்பார்கள். நடுவரிசை அக்கா ஒரே வரியில் முடித்தார்: “சூப்பர்வைசர் மாறினா டார்கெட் மாறிடுமா என்ன?”

முடிவுரைக்கு முன் ஒரு மாற்றுக் கருத்து. ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, தமிழ் இன்னும் சரியாகப் பிடிபடாதவள், இயர்போன் முனை கிடைக்காமல் பக்கத்தில் இருந்தவளின் தோளுக்கு மேலாகச் சத்தமில்லாமல் சில பகுதிகள் பார்த்திருக்கிறாள். ஆதி ஏன் இப்படிச் செய்கிறான் என்று அவளையும் கேட்டார்கள். “அவன் ஆபீஸ்ல வேலையே செய்யல” என்றாள். யாருக்கும் புரியவில்லை. விரல் விட்டு விளக்கினாள்: வருகிறான், சுழல் நாற்காலியில் உட்கார்கிறான், போனில் பேசுகிறான், கத்துகிறான், காரில் ஏறிப் போகிறான். பில் பார்க்கவில்லை, சைட்டில் சிமென்ட் வந்து இறங்கியதா என்று கேட்கவில்லை, சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடவில்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்று ஒரு டார்கெட் கொடுத்து லைனில் நிறுத்தினால் அபி என்றொருத்தி இருப்பதே அவனுக்கு மறந்துபோகும். பஸ்ஸில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் லீடர் அக்கா, ஐந்து ஏன் கேட்டும் தனக்கு இது வரவில்லையே என்பதுபோல் அவளையே பார்த்தார். பிறகு தன் காதிலிருந்த முனையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

இக்கருத்து ஆய்வின் முந்தைய இயல்கள் அனைத்தையும் தேவையற்றவை ஆக்கிவிடும் என்பதால், சேர்ப்பதா வேண்டாமா என்று நெறியாளரைக் கேட்டோம். யார் சொன்னது, எந்த இதழ், எந்தப் பக்கம் என்று கேட்டார். கான்ட்ராக்ட் தொழிலாளி, வாய்மொழி, இரண்டாம் சீட் என்றோம். நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நெட் பாஸ் பண்ணியிருக்காங்களா?” என்றார்.