பரிவட்டம் கட்டிய பயணி

விமானத்தில் முதல் ஆளாக ஏறியவரும், ஒலிபெருக்கியில் பெயரை ஏலம் போட்ட பிறகு மூச்சிரைக்க ஓடி வந்து ஏறியவரும் ஒரே நிமிஷத்தில்தான் சிங்கப்பூரில் தரை தொடுகிறார்கள். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், முதலில் ஏறுவதற்காகவே வருஷம் பூராவும் பாடுபடுகிற ஒரு ஜாதி இருக்கிறது. சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்டு என்று அதற்குள் உட்பிரிவுகள் வேறு. நானும் அதில் ஒருவன். இப்போதைக்குக் கோல்டு. மார்ச் மாதத்தோடு காலாவதி.

இதன் மகிமையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கோயில் முதல் மரியாதைதான் இது. பரிவட்டத் துணி என்ன விலை பெறும்? அது யார் தலையில் முதலில் ஏற வேண்டும் என்பதற்காகப் பங்காளிகள் முன்சீப் கோர்ட்டில் தொடங்கி ஹைகோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள். பிரசாதம் எல்லோருக்கும் அதே பிரசாதம்தான். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டு நிற்கும்போது முதலில் வாங்கினால் அதில் நெய் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். ஆளில்லாத கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்ள யாரும் வழக்குப் போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. காலியாகப் போகிற விமானத்தில் முதலில் ஏறும்போது எனக்கும் எந்தச் சந்தோஷமும் வந்ததில்லை.

மரியாதையின் லட்சணம் முழுதாகத் தெரிய வேண்டுமானால், விமானத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகிற விமான நிலையமாக இருக்க வேண்டும். கோல்டு, பிளாட்டினம் எல்லோரையும் முதலில் அழைத்து, சிரித்து, வணக்கம் சொல்லிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். பஸ் கிளம்பாது. மிச்சமிருக்கிற ஜனம் மொத்தமும் ஏறும் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் ஏறிய பாவத்துக்கு நாம் நடுப்பகுதியில் நசுங்கிக் கிடப்போம். கடைசியாக வந்து கதவோரம் தொற்றிக்கொண்டவர், கதவு திறந்ததும் முதல் ஆளாகப் படியேறி, என் இருக்கைக்கு மேலே இருக்கும் தட்டில் தன் மூட்டையைத் திணித்துவிட்டு, நான் வருவதற்குள் கண்ணயர்ந்திருப்பார்.

பெட்டிக்கும் மரியாதை உண்டு. 'பிரயாரிட்டி' என்று ஓர் அட்டையைக் கட்டி அனுப்புவார்கள். அந்தப் பெட்டிதான் முதலில் வர வேண்டும். என் பெட்டி இயற்கையிலேயே தன்னடக்கம் உள்ளது. எல்லோரும் எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, அட்டை ஆட ஆட, ஒண்டியாக வந்து சேரும்.

சரி, இந்தப் பட்டத்துக்கு விலை என்ன? சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸையே எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய கிரிஸ்ஃப்ளையரில் எலீட் கோல்டு ஆக 12 மாதத்தில் 50,000 மைல் சேர்க்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,800 மைல். மலிவு ரக எக்கானமி டிக்கெட் என்றால் அதில் பாதிதான் கணக்கில் ஏறும். வகுத்துப் பார்த்தால் ஐம்பத்தைந்து தடவைக்கு மேல் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. அனுமார் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தடவை தாண்டியதற்கே இன்றைக்கும் வடைமாலை கிடைக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் இந்தத் தூரக் கணக்கெல்லாம் 2025 ஏப்ரலோடு போயிற்று. இப்போது ஒரு பவுண்டு செலவழித்தால் ஒரு புள்ளி, கோல்டுக்கு 20,000 புள்ளி. எவ்வளவு பறந்தாய் என்ற விசாரணையே இல்லை. எவ்வளவு அவிழ்த்தாய் என்பதுதான் பேச்சு.

ஆரம்பத்தில் இவ்வளவு கறாராக இல்லை. அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணத்தின் மேலிருந்த அரசுப் பிடியைத் தளர்த்தினார்கள். ஆளாளுக்கு விலையைக் குறைத்துப் பயணிகளை இழுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வந்தவன் அடுத்த கடைக்குப் போகாமல் இருக்க ஒரு வழி தேடி, 1981 மே மாதம் முதல் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் யுனைடெட்டும் தொடங்கிவிட்டது. பிறகு உலகத்துக்கே தொற்றிக்கொண்டது.

இந்தச் சரித்திரத்தில் நான் கையெடுத்துக் கும்பிடுகிற மனிதர் ஒருவர்தான். கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் பிலிப்ஸ் என்ற என்ஜினியர். 1999இல் ஹெல்தி சாய்ஸ் என்ற உணவுக் கம்பெனி, தன் பொருள்களின் பார்கோடை வெட்டி அனுப்பினால் விமான மைல் தருவதாக அறிவித்தது. மனிதர் சிறிய எழுத்தில் போட்டிருந்த விதிமுறையெல்லாம் படித்தார். இருப்பதிலேயே மலிவு புட்டிங் கிண்ணம்தான் என்று கண்டுபிடித்து, கடை கடையாக ஏறி 12,150 கிண்ணம் வாங்கினார். மொத்தச் செலவு சுமார் 3,140 டாலர். அத்தனை பார்கோடையும் கிழிக்க ஆள் வேண்டுமே? புட்டிங்கைச் சால்வேஷன் ஆர்மிக்குத் தானமாகக் கொடுத்து, அங்கே இருந்த தொண்டர்களையே கிழித்துத் தரச் சொன்னார். தானம் செய்ததற்கு வருமான வரியில் சலுகையும் வாங்கினார். கடைசியில் கைக்கு வந்தது பன்னிரண்டரை லட்சம் மைல். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணக்கில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ஆயுள் முழுக்கக் கோல்டு. நாங்கள் எல்லாம் நடு இருக்கையில் முழங்கை இடித்துச் சேர்த்ததை, அந்த மகான் பாயசத்தில் சேர்த்துவிட்டார்.

எங்கள் அலுவலக நண்பர் ஒருவருக்கு அந்த சாமர்த்தியம் இல்லை. ஒரு டிசம்பர் கடைசியில் கணக்குப் பார்த்தபோது கோல்டுக்குக் கொஞ்சம் மைல் உதைத்தது. வீட்டில் 'அவசர மீட்டிங்' என்று சொல்லிவிட்டு ராத்திரி விமானத்தில் சிங்கப்பூர் போனார். ஊருக்குள் போகவே இல்லை. சாங்கி விமான நிலையத்திலேயே ஒரு நாற்காலியில் தூங்கி, பல் தேய்த்து, அடுத்த விமானத்தில் திரும்பிவிட்டார். எங்கள் ஜாதியின் பாஷையில் இதற்கு 'மைலேஜ் ரன்' என்று பெயர்.

சென்னை கஸ்டம்ஸில் இதற்கு வேறு பெயர். கையில் ஒரு சின்னப் பை, நேற்றுப் போய் இன்று திரும்பிய முத்திரை, தூக்கமில்லாத கண். கடத்தல் சரக்குச் சுமக்கிற குருவி என்று ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டார் அதிகாரி.

"எப்ப போனீங்க?"

"நேத்து ராத்திரி சார்."

"ஒரே நாள்ல திரும்பிட்டீங்க. எதுக்குப் போனீங்க?"

தூக்கக் கலக்கத்தில் நண்பர் உள்ளதை உள்ளபடி சொன்னார்: "கோல்டுக்காக சார்."

தனியறைக்குக் கூட்டிப்போனார்கள். ஷூவின் குதிகாலைத் தட்டிப் பார்த்தார்கள். பெல்ட் பக்கிளைச் சுரண்டிப் பார்த்தார்கள். லேப்டாப் சார்ஜரை எடை போட்டார்கள். நண்பர் போனைத் திறந்து மைல் கணக்கைக் காட்டி, கோல்டு என்றால் என்ன, அதில் என்னென்ன சலுகை என்று ஆதியோடந்தமாக விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிக்கெட் எவ்வளவு ஆச்சு?" என்றார். சொன்னார். "குருவிக்காவது டிக்கெட்டும் குடுத்து, கையில காசும் குடுக்கறாங்க சார்" என்று பையை மூடிக் கொடுத்து அனுப்பினாராம்.

நியாயமான பேச்சு. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் என்று ஓயாமல் பறந்தவர்களுக்குத்தான் மரியாதை என்றால் பர்மா பஜார் சரக்கைச் சுமந்த குருவிகளுக்கு டயமண்டே கொடுத்திருக்க வேண்டும்.

பட்டத்தைக் கொடுப்பவர்களுக்கு இதில் என்ன லாபம் என்பது கொரோனா காலத்தில்தான் எனக்குப் புரிந்தது. விமானங்கள் எல்லாம் தரையில் நிற்கின்றன, வருமானம் இல்லை, கடன் வேண்டும். 2020இல் யுனைடெட் தன் மைலேஜ் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அடுத்த வருஷம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன்னுடையதை வைத்து 1,000 கோடி. வங்கிகள் தங்கள் கிரெடிட் கார்டுக்காரர்களுக்குக் கொடுக்க மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்குவதால், நிற்கிற விமானத்தைவிட இந்தப் புள்ளிக் கணக்குக்கு மதிப்பு. கோல்டை அடகு வைப்பது நமக்குப் புதிதில்லை. நம்முடைய கோல்டை இன்னொருவர் அடகு வைத்ததுதான் புதிது.

பட்டம் இருக்கும்போதே கொடுத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவில் கரைந்தது. என் மைத்துனரிடம், நின்றுபோன ஒரு கம்பெனியின் பிளாட்டினம் அட்டை இன்னும் இருக்கிறது. மன்னர் மானியத்தை ஒழித்த பிறகும் அரண்மனை முகவரியில் கடிதம் எதிர்பார்க்கிற ராஜா போல அதைப் பர்ஸில் முன்பக்கம் செருகி வைத்திருக்கிறார். இன்னொரு பக்கம், நாட்டில் அதிகம் பேரை ஏற்றிப்போகும் இண்டிகோ 2024 வரை யாரையும் இப்படித் தரம் பிரிக்காமலேதான் வளர்ந்தது. பரிவட்டமே இல்லாத கோயிலிலும் கூட்டம் குறையவில்லை.

லவுஞ்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உப்புமா, சட்னி, சுமாரான காபி. முன்பெல்லாம் அங்கே நுழைவதே ஒரு கௌரவம். பிறகு ரூபே டெபிட் கார்டைத் தேய்த்து இரண்டு ரூபாய்க்கு உள்ளே வருகிற வழி பிறந்தது. ஒரு லட்சம் மைல் பறந்தவரும் இரண்டு ரூபாய்க்காரரும் ஒரே கரண்டிக்காக நிற்கிற காட்சியைப் பெரியார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சிகாகோவில் சில வருஷம் புராஜெக்டில் இருந்தபோது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் சில்வர் எனக்கு இருந்தது. அங்கே உள்ளூர் விமானங்களில் முன்வகுப்பில் இடம் மிஞ்சினால், பட்டக்காரர்களுக்குத் தர வரிசைப்படி இலவசமாகக் கொடுப்பார்கள். கேட் அருகே டிவித் திரையில் காத்திருப்போர் பட்டியல் ஓடும், பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஒட்டின மாதிரி எல்லோரும் அண்ணாந்து நிற்போம். குடும்பப் பெயரில் முதல் மூன்று எழுத்து, சொந்தப் பெயரில் முதல் எழுத்து, அவ்வளவுதான் போடுவார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது. ஆகவே விமானத்தையே கிட்டத்தில் பார்க்காத என் அப்பா, சிகாகோவில், முன்வகுப்புக்கு நாற்பது பேருக்குப் பின்னால் காத்திருந்தார். காலி இடம் இரண்டு. உள்ளே போன பிறகும் பணிப்பெண் குனிந்து, "மிஸ்டர் சுப்பிரமணியம், உங்கள் விசுவாசத்துக்கு நன்றி" என்பார். நான் அப்பா சார்பில் தலையாட்டுவேன்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லீவில் வந்தபோது சில்வரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன்.

"வருஷத்துக்கு எத்தனை செட் பாஸ் குடுக்கறான்?"

"செட்டெல்லாம் இல்லப்பா. டிக்கெட் நாமதான் வாங்கணும்."

"டிக்கெட்ட நாம வாங்கினா அப்புறம் பாஸ் எதுக்கு?"

யோசித்து, "முன்னால ஏறலாம்ப்பா" என்றேன்.

"எனக்கப்புறம் உங்கம்மாவுக்குப் பாஸ் உண்டு. உனக்கப்புறம்?"

அந்தத் திட்டத்தின் விதிமுறைகளை நான் முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான்.

அப்படியானால் இந்தப் பட்டம் வேண்டுமா, வேண்டாமா? ஆபீஸ் காசில் தானாக வந்து விழுந்தால் வேண்டாம் என்று சொல்ல நான் ஞானி இல்லை. விமானம் ரத்தானால் அடுத்த விமானத்தில் இடம் போட்டுக்கொடுக்க, போனை எடுத்து மனிதக் குரலில் பேச ஒருவர் கிடைப்பார், அது நிஜமாகவே உதவி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஓடுபாதையே முழுகியபோது மட்டும் கோல்டும் குருவியும் ஒரே தண்ணீரில் நின்றோம். சொந்தக் காசில் வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகிறவர் இதற்காக ஒரே கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கிற பணத்தில் கால் நீட்டுகிற இருக்கையாக வாங்கிக்கொண்டு போகலாம். முழங்காலுக்கு அட்டையின் நிறம் தெரியாது.

என் மனைவியும் இந்தக் கட்சிதான். மாமியார் கட்சி வேறு. கோல்டு என்றால் அமெரிக்கா போகும்போது கூடுதலாக ஒரு பெட்டி, 23 கிலோ, இலவசம் என்ற ஷரத்தை வீட்டில் யாரோ அவரிடம் உளறிவிட்டார்கள். அதிலிருந்து அவருடைய கண்ணில் நான் உயர்ந்துவிட்டேன். நியூஜெர்சியில் இருக்கும் சின்ன மகளுக்கு வடகம், வத்தல், சாம்பார்ப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் போகும். போன தடவை டேபிள் டாப் கிரைண்டர் போயிற்று. குழவி மட்டும் என் கைப்பையில். எதிர்வீட்டு மாமியின் பேரனுக்குக் கொலுசு, மேல்வீட்டுக்காரரின் தம்பிக்கு மருந்து மாத்திரை என்று இப்போது தெருவே என் பயணத் தேதியை விசாரிக்கிறது.

போன வாரம் மாமியார் போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை.

"மாப்பிள்ளை, கோல்டுக்கு மேல பிளாட்டினம்னு ஒண்ணு இருக்காமே? அதுக்கு எத்தனை பெட்டி விடுவாங்க?"