90 சதவீதக் காரும் இருவகை இன்மையும்

தருக்க நூலார் இன்மையை, அதாவது அபாவத்தை, நான்காகப் பகுத்தனர். அவற்றுள் முதல் இரண்டு மட்டும் இங்கே போதும். குயவன் வனையும் முன் குடம் இல்லாதிருப்பது முன்னபாவம். உடைந்தபின் இல்லாமற்போவது அழிவுபாட்டபாவம். ஒரே குடம் ஒரே பொழுதில் இரண்டிலும் நிற்காது என்பதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அந்நூலார் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கராஜ் எதையும் எட்டிப் பார்த்தவர்களல்லர். அங்கே 1969ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர் ஒன்று பாடி ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், மற்றதெல்லாம் அட்டைப்பெட்டிகளில் என்று கிடக்கும். பிரித்தாகிவிட்டது, ஆகவே பழைய கார் இல்லை; பூட்டி முடியவில்லை, ஆகவே புதிய கார் இன்னும் இல்லை. இரண்டு இன்மைகளும் ஒரே கூரையின்கீழ் குடியிருக்க, உரிமையாளர் விலை சொல்கிறார். அவர் விற்பது இன்மையை. எனவே கார் விலை பேசும் முறை எதுவும் இங்கே செல்லாது என்பதே இக்கட்டுரையின் மேற்கோள்.

பிறர் சொல்லைச் சான்றாகக் கொள்ளும் உரையளவையிலிருந்து தொடங்கலாம். நடுத்தர உடம்பில் பெரிய வி8 எஞ்சினைத் திணித்த மசில் கார்களின் பொற்காலத்தை 1964இன் பான்டியாக் ஜிடிஓவிலிருந்து எண்ணுவது வழக்கம். காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. அந்தக் கார்களைப் புதுப்பிக்கத் தொடங்கி நடுவில் விட்டவர்களின் விற்பனை விளம்பரங்கள் ஒரே ஆசிரியர் எழுதியவைபோல் இருக்கும். ‘நிறுத்தும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது’, ‘90 சதவீதம் முடிந்தது’, ‘அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் வரவேண்டாம்’. முதல் வாக்கியம் அழிவுபாட்டபாவத்தைச் சொல்கிறது, இரண்டாவது முன்னபாவத்தை. மூன்றாவது தத்துவத்தில் சேராது. எஞ்சிய 10 சதவீதம் எது என்பதற்குக் கண்ணால் காணும் காட்சியளவையே சான்று. எஞ்சின் முதலில் முடிந்திருக்கும், ஏனெனில் உறுமுவது அதுதான். வீல்களும் புதிதாக இருக்கும், அவை படத்தில் தெரியும். மிஞ்சுவது துரு. குளிர்காலச் சாலையில் கொட்டும் உப்பு தரைத்தகட்டையும் பின்பக்க வளைவுகளையும் தின்றிருக்கும். சார்ஜருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. ஆகவே தரையில் விழுந்த ஓட்டை எலும்பில் விழுந்த ஓட்டை. அதை வெட்டி, புதுத் தகடு வைத்து, வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து, கதவு இடைவெளிகளை நேராக்கி, வயரிங் போடுவதே அந்தப் பத்து.

இனி விலை. தருக்கத்தின் குடத்துக்கு அடுத்தபடி இத்துறையில் முக்கியமான பாத்திரம் காப்பிக் கோப்பை. கானமன், நெட்ச், தேலர் ஆகிய ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுத்த கோப்பைகளுக்கு அவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தர முன்வந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. கோப்பை கையில் இருந்தது சற்று நேரமே. சார்ஜரோ மகன் பிறந்த ஆண்டிலிருந்து கராஜில் கிடக்கிறது. அந்தப் பெருக்கலை வாசகர்களே செய்துகொள்ளலாம். போதாக்குறைக்கு, 2014இல் சியாட்டிலில் 1971ஆம் ஆண்டு ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது விற்பவர்களுக்கு மனப்பாடம். அது வேறு பிராண்ட், வேறு மாடல், முக்கியமாக, முழுக் கார்.

உதிரிப் பாகங்களுக்கு விலை உண்டே, எஞ்சின் எண் காரின் எண்ணோடு பொருந்தினால் மதிப்பு கூடுமே, இதை இன்மை என்பது எப்படி என்று கேட்கலாம். நியாயமான தடைதான். ஆனால் அந்த எஞ்சினை மட்டும் கேட்டுப் பாருங்கள்: ‘மொத்தமாகத்தான் கொடுப்பேன்.’ பாகங்கள் பங்கிடக் கூடியவை, இன்மை பங்கிட முடியாதது. விற்பவரின் பிடிவாதமே நம் கட்சிக்குச் சாட்சி. அப்படியானால் இன்மைக்கு ஒருவர் காசு கொடுப்பானேன் என்பது அடுத்த தடை. இதுதான் கடினமானது. விற்பவர் தாம் கொட்டிய பணத்தை, அதாவது கழிந்ததைப் பார்க்கிறார்; வாங்க வந்தவர் அடுத்த கோடையில் ஓட்டப்போவதைப் பார்க்கிறார். இருவரும் வெவ்வேறு அபாவங்களைப் பார்ப்பதால்தான் பேரம் படிகிறது. அனுபவசாலி பையிலிருந்து காந்தத்தை எடுத்துப் பின்வளைவில் வைப்பார். இரும்பில் ஒட்டும், ஓட்டையை மூடப் பூசிய பட்டியில் ஒட்டாது. காந்தம் நழுவிய கணத்தில் அவரும் முன்னபாவத்தை விட்டு அழிவுபாட்டபாவத்துக்கு மாறுகிறார், விலை சரிகிறது. காந்தம் கொண்டுவராதவர்கள் இருக்கும்வரை இந்தச் சந்தைக்குக் குறைவில்லை.

அவர்களுள் சிலர் முழுக் காரையும் பூட்டியே முடித்துவிடுகிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. அப்போதும் தகரடப்பாவில் மிஞ்சிக் கிடக்கும் ஒரு கைப்பிடியளவு போல்ட்டுகள் எந்த அபாவத்தில் அடங்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.