எட்டு நிமிஷம் நாலு செகண்ட்

ஹட் பே ஜெட்டியில் கப்பல் வந்து கட்டும் நேரத்தில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையிலுள்ள போனைப் பார்த்துச் சிரித்தபடி ஒருவர் பின்னோக்கி நடந்து வந்தால் தயவுசெய்து வழி விடுங்கள். அவர் யூடியூபர். மூட்டை முடிச்சோடு இறங்குகிறவர்கள் அவரைத் திட்டுவார்கள். அந்தத் திட்டையும் அவர் வீடியோவில் சேர்த்துக்கொள்வார். லிட்டில் அந்தமானில் இப்படிப் பின்னால் நடந்து வந்து மீன் கூடையில் இடித்துக்கொள்ளாத யூடியூபர் இன்னும் பிறக்கவில்லை.

இவர்களின் ஜாதகத்தைக் கணிப்பது சுலபம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அரைகுறை சிக்னலில் உதடு அசைத்துக்கொண்டிருந்த பையன்கள் ஒரே ராத்திரியில் வேலையில்லாதவர்கள் ஆனார்கள். ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஓடும் இன்டர்நெட் கேபிளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அது தொட்ட தீவுகளில் எங்களுடையதும் ஒன்று. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில் இறக்கியது. மூன்று மாதத்துக்குள் மூன்று கிரகங்கள் ஒரே வீட்டில் கூடினால் சும்மா இருக்குமா? எங்கள் தெருவிலேயே ஒருவர் அவதரித்தார். பெயர் வேண்டாம், அவருடைய அம்மா வருத்தப்படுவார். தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

தம்பி படித்த முதல் பாடம், முதல் மூன்று செகண்டுக்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்பது. இந்தப் பாடத்தை அவர் படித்தது எந்த ஊரில் உட்கார்ந்து என்பதுதான் வேடிக்கை. தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. டிக்கெட் கவுண்டர் வரிசையில் நிற்பவர் வாயில் இன்னும் மாறவில்லை. அங்கிருந்து கப்பல் ஏறினால் இங்கே வந்து சேர ஆறு மணி நேரமும் ஆகலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம். கடல் கோபித்துக்கொண்டால் கப்பலே கிடையாது. கப்பலுக்குக் காத்திருப்பதையே பாதி வாழ்க்கையாகக் கொண்ட ஊரில், மூன்று செகண்ட் பொறுக்க மாட்டாதவர்களுக்காக ஒருவர் வேலை செய்கிறார்.

அவர் வீடியோவில் அந்தக் கப்பல் பயணம் பன்னிரண்டு செகண்ட். அதில் நாலு செகண்ட் பக்கத்து சீட்டுக்காரர் வாந்தி எடுப்பது.

தம்ப்நெயில் தனிக் கலை. வாயைப் பிளந்துகொண்டு தம்பி ஒரு பக்கம், சிவப்பு அம்புக்குறி ஒரு பக்கம், நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எழுத்து மட்டும் கொட்டை கொட்டையாக: ‘ஹட் பேய்!!! நள்ளிரவில் தனியாகப் போனேன்’. ஊர்ப் பெயரில் ஒரு ‘ய்’ சேர்த்ததில் அந்த வீடியோவுக்கு நல்ல கூட்டம். தனியாகப் போனது எங்கே என்றால், கரன்ட் போன நேரத்தில் மெழுகுவத்தி வாங்கக் கடைக்கு.

இனி எட்டு நிமிஷக் கதைக்கு வருவோம். எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும் வீடியோவுக்குத்தான் நடுவில் விளம்பரம் போடலாம் என்பது யூடியூபின் விதி. 2020 ஜூலை வரை அது பத்து நிமிஷமாக இருந்தது. தம்பிக்கு விளம்பரம் போடுகிற தகுதி இன்னும் வரவில்லை. இருந்தாலும் கல்யாணத்துக்கு முன்பே தொட்டில் வாங்கி வைக்கிற குடும்பம் அது. அவர் வீடியோ எதை எடுத்தாலும் எட்டு நிமிஷம் நாலு செகண்ட் ஓடும்.

ஒயிட் சர்ஃப் அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹட் பேயிலிருந்து ஆறரை கிலோமீட்டர். அழகான அருவிதான். ஆனால் அருவி என்பது என்ன? தண்ணீர் மேலேயிருந்து கீழே விழுகிறது. இதைச் சொல்ல எட்டு நிமிஷம் ஆகாது. எனவே தம்பி முதல் செகண்டிலேயே அருவியின் இரைச்சலை மட்டும் கேட்கவிட்டு, “மக்களே, இதுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. கடைசியில காட்டுறேன், ஸ்கிப் பண்ணாம பாருங்க” என்று ஆரம்பிப்பார். பிறகு பைக்குக்குப் பெட்ரோல் போடுவார். இளநீர் குடிப்பார். நுழைவுச்சீட்டு வாங்குவார். நடைபாதையில் வழுக்குகிற மாதிரி வழுக்காமல் நிற்பார். அதற்கு சினிமா இசை. ஏழாவது நிமிஷம் அருவி வரும். யாருக்கும் தெரியாத அந்த விஷயம் என்ன என்றால், மழைக்காலத்தில் தண்ணீர் அதிகமாக விழுமாம்.

சந்தைத் திடலில் மோடி மஸ்தான் வித்தை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முளைக்குச்சியில் கீரி, கூடையில் பாம்பு. “இதோ இப்ப ரெண்டையும் சண்டைக்கு விடப்போறேன், யாரும் எடத்தை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தா ரத்தம் கக்குவீங்க” என்று ஆரம்பிப்பார். தாயத்து விற்கும், பல்பொடி விற்கும், பொழுது சாயும். கூட்டம் கலையும்போது கீரி முளைக்குச்சியிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். 2012இல் யூடியூப், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதைப் பெரிதாக எண்ணத் தொடங்கியது. கலிஃபோர்னியாக் கணினி மேதைகள் கண்டுபிடித்ததாக நினைத்த அந்தச் சங்கதி, மோடி மஸ்தானுக்குத் தொழில் தொடங்கிய நாளிலேயே தெரியும். ரத்தம் கக்க வைக்கும் வசதி மட்டும் யூடியூபுக்கு இல்லை. அதனால் தம்பி கெஞ்சுகிறார்.

ஒரு விஷயத்தில் தம்பியை நான் பாராட்டியே ஆக வேண்டும். இந்தத் தீவின் டுகாங் கிரீக் பக்கம் ஒங்கே பழங்குடியினர் வாழ்கிறார்கள். நூறு பேர் சொச்சம்தான் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் காப்புப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும், அவர்களைப் படம் பிடிப்பதும் குற்றம். வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்கிற முதல் கேள்வி, “அந்த ஆதிவாசிகளைப் பார்க்க முடியுமா ப்ரோ?” 2025 மார்ச் கடைசியில் ஒரு அமெரிக்கர், யாரும் போகக் கூடாத வடக்கு சென்டினல் தீவுக்கே ரப்பர் படகில் போய், மணலில் ஒரு தேங்காயும் ஒரு டயட் கோக் டப்பாவும் வைத்துவிட்டு, அதைக் கேமராவிலும் பிடித்துக்கொண்டு திரும்பி, போலீஸில் மாட்டினார்.

தம்பி அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. எச்சரிக்கைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, “இதுக்கு மேல போகக் கூடாது மக்களே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். சொல்லி முடிக்க மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டார், அது வேறு. போகாத இடத்தை வைத்தே மூன்று நிமிஷம் ஆளை உட்கார வைத்தாரே, திறமைதானே?

பணம் வருகிறதா என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். ஆயிரம் சப்ஸ்கிரைபர், ஒரு வருஷத்துக்குள் நாலாயிரம் மணி நேரம் பார்வை. நீள வீடியோக்காரர்களுக்கு இதுதான் வாசல்படி. 2011 கணக்கெடுப்பில் தீவு முழுக்க ஏறத்தாழ 19 ஆயிரம் பேர். கைக்குழந்தையிலிருந்து கண்புரை வந்த தாத்தா வரை அத்தனை பேரும் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பார்த்தாலும் 633 மணி நேரம்தான் தேறும். அதே ஆட்களை அப்படியே ஆறேகால் தடவைக்கும் மேல் உட்கார வைக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தம்பி சோற்றுத் தட்டின் ஓரத்தில் விரலால் போட்டுக் காட்டியபோது அவர் அப்பா கேட்டார்: “பேசாம பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல நிக்கலாமேடா?”

இடையில் சமையலுக்கும் தாவினார். புதுக்கோட்டைப் பக்கம் சின்னவீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தாண்டிய முதல் தமிழ் சேனல் ஆனது. அங்கே அண்டாவில் மசாலா போடும்போது ஒவ்வொன்றின் பெயரையும் உரக்கக் கூவுவார்கள். தம்பி தன் அம்மாவிடம் மீன் குழம்புச் சட்டியைக் காட்டி, “மா, மிளகாய்த்தூள்னு சத்தமா சொல்லிட்டுப் போடு” என்றார். அம்மா, “எதுக்குடா கத்தணும்? நீ பக்கத்துலதானே நிக்கறே” என்றார். படப்பிடிப்பு அத்தோடு முடிந்தது.

அந்த அம்மா இன்னொரு தடவையும் தடுத்திருக்கிறார். டிசம்பர் 26 நெருங்கிய சமயம், கடலைப் பின்னணியாக வைத்து ‘அன்று என்ன நடந்தது?’ என்று தம்பி தம்ப்நெயில் தயார் செய்து வைத்திருந்தார். 2004இல் அலை வந்தபோது இந்த ஊர் பட்டது கொஞ்சமல்ல. மேட்டுக்கு ஓடியவர்களில் அம்மாவும் ஒருவர். “அதை வச்சுப் பொழைக்க வேணாம்” என்றார். தம்பி அழித்துவிட்டார். எட்டு நிமிஷம் நாலு செகண்ட் ஓடியிருக்க வேண்டிய வீடியோ. இதை எந்தக் கிராஃபும் காட்டாது.

கிராஃப் என்றதும் ஞாபகம் வருகிறது. யூடியூப் ஸ்டூடியோவில் ஒரு கோடு காட்டுவார்கள். எந்தச் செகண்டில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்று. தம்பியின் கோடு வழக்கமாகத் தென்னை மரத்திலிருந்து தேங்காய் விழுகிற திசையில்தான் இருக்கும். பாக்குத் தோட்டத்தைப் பற்றி அவர் எடுத்த வீடியோவில் மட்டும், இரண்டாவது நிமிஷம் பதினாறாவது செகண்டில் கோடு துள்ளி மேலே ஏறியிருந்தது. ஜனங்கள் அந்த இடத்தை இழுத்து இழுத்துத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

தம்பி இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். தன் விளக்கம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அப்பத்தா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “நல்லவதான்டி அவ. ஆனா அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னா...” அந்த இடத்தில் தம்பி வீடியோவை வெட்டி, நேராகப் பாக்கு உரிக்கிற காட்சிக்குப் போயிருந்தார். எத்தனை பேர் வயிற்றெரிச்சல் அது!

எடுத்த வீடியோ முழுவதையும் தேடினார். அப்பத்தா பேசியதில் மிச்சம் இல்லை. அதற்குள் காற்றுச் சத்தம். போனை எடுத்துக்கொண்டு நேரே அப்பத்தா வீட்டுக்கே போய்விட்டார்.

“அப்பத்தா, அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?”

“எந்த ராத்திரிடா?”

“நல்லவதான்னு சொன்னியே, அவ.”

“அவளா? அது பெரிய கதையில்ல. சும்மா கேட்டா சொல்லிர முடியுமா? அந்த அரிவாமணையை எடு. உக்காரு.”

அப்பத்தா கதையை அந்தப் பெண்ணின் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பல் ஏற வந்ததிலிருந்து தொடங்கினார். தாத்தா கப்பல் ஏறுவதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் தம்பி ஒரு முறை, “அப்பத்தா, நேரா அந்த ராத்திரிக்கு வாயேன்” என்றார். “அவசரப்பட்டா ஒண்ணும் புரியாது. போய் ரெண்டு குடம் தண்ணி கொண்டா, தொண்டை காயுது” என்றார் அப்பத்தா. வந்து உட்கார்ந்ததும், “எங்க விட்டேன்?” என்று தம்பியையே கேட்டார். தம்பி ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். அந்தப் பெண்ணைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் கட்டத்தில், அப்பத்தா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“மீதி நாளைக்கு. வரும்போது தேங்காய் உரிக்கிற கம்பியை எடுத்துட்டு வா.”

மற்றவர்கள் வீடியோவை மூன்று செகண்டில் தள்ளிவிடுகிற அதே கட்டைவிரல்காரர், மறுநாள் சொன்ன நேரத்துக்குக் கம்பியோடு போய் நின்றார். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறார். அவர் சேனலில் புது வீடியோ வந்து நாளாகிறது. அப்பத்தா வீட்டுக் கொல்லையில் உரித்த தேங்காய் குவிந்து கிடக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணமாகி, குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை கதை வந்துவிட்டதாம். அந்த ராத்திரி மட்டும் இன்னும் வரவில்லை.