கிளட்ச் புணரியல்

இக்கட்டுரையில் மத்தூர் என்பது கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்து மத்தூரையே குறிக்கும். கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்தில் வடைக்குப் பேர்போன இன்னொரு மத்தூர் இருக்கிறது. பெங்களூரில் ஊர்ப்பெயரைச் சொன்னதும் "வடை எங்கே?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பாயிரம். நம்மூர் வடை சுமார்தான்.

ஆய்வுப் பொருள் வருமாறு: பழைய மாருதி 800 ஒன்றின் கிளட்ச்சை வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், நாமே மாற்ற இயலுமா? 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த கார் அது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. எங்கள் வீட்டு வண்டி போன மாதம் வரை நிற்கவில்லை.

முதலில் கலைச்சொல். கிளட்ச்சைத் தமிழில் உரசிணைப்பி என்பாரும் உளர். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அப்படியே கேட்டுப் பார்த்தேன். "தோலுக்குப் போடறதா சார்? மெடிக்கல்ல கேளுங்க" என்றார் கடைக்காரர். எனவே இனிக் கிளட்ச் என்றே வழங்கப்படும்.

கிளட்ச்சைப் பற்றி ஆட்டோமொபைல் புத்தகங்கள் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லும் நூல் நன்னூல். அதைப் பவணந்தியாரைக் கொண்டு எழுதுவித்தவன் சீயகங்கன், கோலாரைத் தன் மரபின் ஊராகக் கொண்டாடிய கங்கர் குலச் சிற்றரசன். கோலார் நமக்கு எல்லைக்கு அந்தப் பக்கம்தான். ஆகவே நன்னூலை ஒருவகையில் நம் வட்டார நூல் என்றே கொள்ளலாம். மறுப்பவர்கள் காரைத் தள்ள வரவேண்டாம்.

இஞ்சின் நிலைமொழி. கியர்பாக்ஸ் வருமொழி. ஒன்று சுழன்றுகொண்டே இருக்கிறது, மற்றது சும்மா நிற்கிறது. நேராக மோதவிட்டால் பல் உடையும். மணியும் அழகும் சேரும்போது நடுவே ஒரு யகரம் வந்து மணியழகு ஆவதுபோல, இங்கே நடுவே வந்து உரசல் தவிர்க்கும் உடம்படுமெய்தான் கிளட்ச் பிளேட். உரசலைத் தவிர்க்க அதுவே உரசித் தேய்கிறது என்பது இலக்கணம் சொல்லாத சோகம்.

விகாரமும் அதே மூன்றுதான். கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையிலும் அத்திப்பள்ளி நெரிசலிலும் பாதிக் கிளட்ச்சிலேயே ஊர்ந்தால் ஒரு கருகல் வாசனை வரும், இது தோன்றல். உள்ளே பிளைவீலின் முகம் சூட்டில் நீலம் பாய்ந்துவிடும், இது திரிதல். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் நின்றால், அது கெடுதல். எங்கள் வண்டி மூன்றாம் விகாரத்தில் இருந்தது. பழி வண்டிமேல் இல்லை, என் இடது கால்மேல். "கால எப்பவும் கிளட்ச் மேலயே வச்சிருந்தா எந்தப் பிளேட்டு தாங்கும் மாப்ள?" என்று மாமா மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கழற்றுமுன் இரண்டு சோதனை. கிளட்ச் கேபிள் விறைப்பாக இருந்தாலே பிளேட் வழுக்கும். பெடலில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தது. அடுத்து, கை பிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டால் இஞ்சின் அணைய வேண்டும். அணையவில்லை, உறுமியது. ஐயம் நீங்கிற்று.

ஆய்வு நாள் ஞாயிறு. இது முறையியல் பிழை. ஞாயிறு போச்சம்பள்ளிச் சந்தை நாள். சந்தைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் திறந்த பானெட்டைக் கண்டால் நிற்காமல் போக மாட்டார்கள். நன்னூல் கடை மாணாக்கரை இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகுத்தது. நால்வரும் பதினோரு மணிக்குள் வந்துவிட்டார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொட்டுவிட்டு ரேடியேட்டருக்குத் தாவி, அங்கிருந்து அரசியலுக்குப் போனவர் ஆடு. கீழே குனிந்து எண்ணெய்ச் சட்டியைத் தட்டிவிட்டவர் எருமை.

வேலையின் பெரும்பகுதி கிளட்ச்சைத் தொடாமலே நடக்கிறது. பேட்டரி வயர், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் ராடு, ஸ்டார்ட்டர், ஹப் நட்டு, டிரைவ் ஷாஃப்ட், வடியவிட்ட கியர் ஆயில் என்று அத்தனையும் போன பிறகுதான் கியர்பாக்ஸ் இறங்கும். இஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுக்க வேண்டும். நம் மாவட்டம் கருங்கல்லுக்குப் பேர்போனது என்பதற்காக வண்டியைக் கல் அடுக்கி நிறுத்தக் கூடாது. கல் வழுக்கும், ஹாலோ பிளாக் சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் வாடகைக்குக் கிடைக்கும். இந்த இடத்தில் மட்டும் கட்டுரையாசிரியர் விளையாடவில்லை.

பழைய பிளேட் வெளியே வந்தது. ரிவெட் தலைகள் பளபளத்தன. சுற்றிலும் கறுப்புத் தூள். நெய்யரி அதை வாயால் ஊதப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினோம். அந்தக் காலப் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். அதற்கும் முந்திய ஆதிகாலக் கார்களில் கூம்புக் கிளட்ச்சுக்குத் தோல் போர்த்தியிருந்தார்களாம். பக்கத்து மாவட்டத்தில் ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. நூறு ஆண்டு தாமதமாகப் பிறந்துவிட்டோம்.

புதுப் பிளேட்டைப் பிரஷர் பிளேட்டோடு சேர்த்துப் பிடித்து, நடுத்துளை நேராக இருக்க ஒரு கம்பியில் டேப் சுற்றிச் செருகி, முதல் போல்ட்டைக் கையால் திருகினேன். இதுவரை பேசாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஏழாவது படிக்கும் பையன் சொன்னான்:

"மாமா, அதுல பிளைவீல் சைடுன்னு எழுதியிருக்கு. எழுத்து உங்க பக்கம் இருக்கு."

திருப்பிப் பார்த்தேன். எழுதியிருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் மொத்தத்தையும் மறுபடி இறக்க வேண்டியிருந்திருக்கும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் மத்தூரிலும் உண்டு, அரைக்கால் சட்டையில். அவனுக்கு ஒரு கோலி சோடா.

அதன்பின் ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். புது ரிலீஸ் பேரிங். கிளட்ச்சுக்கு ஆன நேரம் அரைமணி. அதை அடைந்து திரும்ப ஆனது இரண்டு ஞாயிறு.

இடையில் ஒப்பீட்டாய்வு. ஓசூரிலிருந்து 1980இல் வந்த டிவிஎஸ் 50இல் கிளட்ச் லீவரே கிடையாது. வேகம் ஏறினால் தானே பிடித்துக்கொள்ளும், இயல்புப் புணர்ச்சி. போச்சம்பள்ளியில் 2021 முதல் ஓலா மின் ஸ்கூட்டர் தயாராகிறது. அதில் கிளட்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை, பகாப்பதம். கிரீஸ் கையோடு நான் படுத்திருந்தபோது அப்படி ஒன்று சத்தமே இல்லாமல் தெருவில் போயிற்று. ஓட்டியவர் நின்று பார்த்தார். இல்லிக்குடம் வகை என்று குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு மாலை எல்லாம் பூட்டியாயிற்று. சாக்கின்மேல் பன்னிரண்டாம் நம்பர் போல்ட் ஒன்று மிச்சம் கிடந்தது. தொல்காப்பியரும் சொல்லதிகாரத்தை எச்சவியலில்தான் முடித்தார் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார்.