1,095 நாள்

கனடாக் குடியுரிமை நாள் கணக்கில் தொடங்குகிறது. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். உடல் இருந்தால் போதும். மனம் எங்கே இருந்தது என்று சட்டம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் டொராண்டோத் தமிழரில் பாதிப் பேர் இன்னும் வரிசையில்தான் நிற்பார்கள்.

கணக்கில் சில நுணுக்கங்கள் உண்டு. நாட்டை விட்டுக் கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் உள்ளே இருந்த நாள்களாகவே சேரும். வெள்ளிக்கிழமை எல்லை தாண்டி பஃபலோ போய், சித்தி வீட்டில் தோசை தின்றுவிட்டு ஞாயிறு திரும்பினால் இழப்பு ஒரே ஒரு நாள். நிரந்தர வசிப்புரிமைக்கு முன்பு மாணவராகவோ தொழிலாளியாகவோ அகதியாக ஏற்கப்பட்டவராகவோ கழித்த ஒவ்வொரு நாளும் அரை நாள்தான்; அப்படி எவ்வளவு சேர்ந்தாலும் 365-க்கு மேல் ஏறாது. ஜனவரிப் பனியில் பேருந்துக்காக முழு உடம்பும் நடுங்க நின்றவர், கணக்குப்படி அங்கே பாதிதான் நின்றார்.

வெளியே போன தேதிகளை எழுதும்போது வினை தொடங்குகிறது. கனடா, நாட்டை விட்டுக் கிளம்புபவரின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. ஆகவே விண்ணப்பதாரர் பழைய மின்னஞ்சல்களில் விமான டிக்கெட்டைத் தேடுகிறார். கிடைக்காவிட்டால் கல்யாண ஆல்பத்தைத் திறக்கிறார். மச்சினன் கல்யாணம் ஆவணியிலா, ஐப்பசியிலா என்று வீட்டில் எழும் விவாதம் குடியுரிமைச் சட்டத்தோடு நேரடித் தொடர்புடையது. 1,095-ஐத் தொட்டவுடன் அனுப்ப வேண்டாம், கூடக் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அரசே சொல்கிறது. காய்கறிக் கடையில் வாங்கும் கொசுறை இங்கே அரசுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இலக்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2015 ஜூன் மாதம் அது ஆறு ஆண்டுகளில் 1,460 நாளானது. 2017 அக்டோபரில் ஐந்து ஆண்டுகளில் 1,095 நாளாக இறங்கியது. அதுவரை 14 முதல் 64 வயதுவரை இருந்த குடியுரிமைத் தேர்வு, அப்போது 18 முதல் 54 வயதுவரை எனச் சுருங்கியது. அறுபது வயதில் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த தாத்தாக்கள் ஒரே இரவில் தேறினார்கள்.

நாள் கணக்கைத் தாண்டியவருக்குப் பெயர் காத்திருக்கிறது. படிவம் குடும்பப் பெயர் கேட்கும். தமிழரிடம் இருப்பதோ ஓர் இனிஷியல். அது விரிந்து அப்பாவின் பெயராகிக் குடும்பப் பெயர் கட்டத்தில் அமர்கிறது. பிள்ளைகளின் குடும்பப் பெயர் விண்ணப்பதாரரின் பெயர்; மனைவியுடையது மனைவியின் அப்பா பெயர். நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று குடும்பங்கள் குடியிருப்பதாக அலுவலகத்துக்குத் தெரியும். நேர்காணலுக்கு வந்தவரை அதிகாரி அவர் அப்பாவின் பெயரைச் சொல்லி மரியாதையாக அழைப்பார். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

மொழிச் சான்று, வருமான வரிக் கணக்கு, கட்டணம் ஆகியவை பணமும் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியங்கள். புகைப்படத்தில் வாய் மூடியிருக்க வேண்டும், முகத்தில் உணர்ச்சி தெரியக் கூடாது. இவ்வளவு காலம் காத்திருந்தவருக்கு அது தானாகவே வரும்.

எல்லாரும் அஞ்சும் தேர்வுதான் இருப்பதிலேயே எளிது. 20 கேள்விகளில் 15 சரியாக இருந்தால் போதும். படிக்க அரசின் கையேடு ஒன்றே. 1867-இல் கூட்டாட்சியில் இணைந்த முதல் நான்கு மாகாணங்கள் எவை, முதல் பிரதமர் யார், விமி மேட்டுப் போர் எந்த ஆண்டு என்ற வகைக் கேள்விகள். கோடிட்ட இடத்தை நிரப்பியே வளர்ந்த இனத்துக்கு இதெல்லாம் பலகாரம். ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் என்று சமையலறையிலிருந்து ஒப்பிக்கும் அம்மாவை, கனடாவிலேயே பிறந்த மகன் வியந்து பார்ப்பான். அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை; கேட்கப்போவதும் இல்லை.

பிறகு உறுதிமொழி. மன்னர் மூன்றாம் சார்லஸுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். இந்தியா 1950-இலும் இலங்கை 1972-இலும் கழற்றி வைத்த அதே முடியை, பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்து மறுபடி வணங்குகிறார்கள். 2020 முதல் இந்த விழா காணொளியிலும் நடக்கிறது. மேலே பட்டுப்புடவை, கேமராவுக்கு எட்டாத கீழே வீட்டுச் செருப்பு, கையில் கத்தரிக்கோல். இத்தனை வருடம் பர்ஸில் பொத்திப் பொத்தி வைத்திருந்த நிரந்தர வசிப்புரிமை அட்டையை அதிகாரி பார்க்க வெட்டிக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் சிலருக்குக் கை நடுங்கும்.

இந்தியர்கள் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க ஒரு தனி விண்ணப்பம் போட வேண்டும். இரட்டைக் குடியுரிமை அவர்களுக்கு இல்லை. புதிய பாஸ்போர்ட்டுக்கு வேறொரு விண்ணப்பம். அதற்கும் சிரிக்காத படம் வேண்டும். இரண்டு ஆண்டாவது பழகியவரும் கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவருமான ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவத்தின் முதல் கட்டத்தில் கேட்பது குடும்பப் பெயர்.