பெட்டி நளன்

கொழும்பின் கொம்பனித்தெருவில், பழைய வரிசை வீடுகள் இருந்த நிலங்களில் எழும்பியிருக்கும் தொடர்மாடிகளில் அண்மைக்காலமாகக் காணப்படும் குடும்பத் தலைவர் வகையொன்றைப் பெட்டி நளன் எனக் குறிப்பிடலாம். பழைய நளன், நெருப்பையும் நீரையும் நினைத்த இடத்தில் வரவழைத்துச் சமைக்கும் வரம் பெற்றவன். இவரோ மரக்கறி வெட்டாமலே சமைக்கும் வரத்தைக் கைபேசி வழியாகப் பெற்றவர். நெருப்பு இவருடைய வரத்தில் அடங்காது என்பது 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காகக் கொழும்பு வரிசையில் நின்ற நாட்களிலேயே தெளிவாகிவிட்டது.

சமையற்பெட்டி என்பது ஒரு வேளைக் கறிக்கு வேண்டியவற்றை அளந்தும் சில வேளைகளில் வெட்டியும் செய்முறைத் தாளொன்றுடன் வீட்டு வாசலுக்கு அனுப்பும் ஏற்பாடாகும். 2007இல் சுவீடனில் தலைகாட்டி, 2011இல் பெர்லினில் தொடங்கப்பட்ட ஹலோஃபிரெஷ் போன்ற நிறுவனங்களால் பரவிய இவ்வழக்கத்துக்குக் கொழும்பிலும் ஓர் உறவினர் உண்டு. சுப்பர் மார்க்கட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கிடக்கும் வெட்டிய பலாக்காயும் அரிந்த வல்லாரையும் மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்வதே அது.

மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும் பெட்டி நளன், காற்சட்டையைக்கூட மாற்றாமல், பொட்டலங்களை மேசையில் நிரையாக அடுக்கி, செய்முறைத் தாளை ஒப்பந்தப் பத்திரம் வாசிப்பவரைப்போல வாசிக்கிறார். முப்பது நிமிடத்தில் முடியும் என்று தாள் உறுதி கூறினாலும், பெரும்பாலும் வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ பணியாற்றும் இவர், 'சுவைக்கேற்ப உப்பு' என்ற வரியில் தடைப்பட்டு நிற்பார். தசமதானம் இல்லாத அளவு எதையும் நம்பும் பழக்கம் அவருக்கில்லை. பிள்ளையின் ரியூஷன் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மனைவி, "இஞ்சாருங்கோ, உப்புப் போட்டாச்சோ?" என்று கேட்கும்போது கறி ஏற்கெனவே வற்றிவிட்டிருக்கும். வெட்டும் வேலை குறைந்தது மெய்யே. கழுவும் வேலையோ பொட்டலக் குப்பையோடு சேர்ந்து கூடியிருக்கிறது. ஆயினும் ஒரு பெருநன்மையை மறுப்பதற்கில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அடுப்பை விடக் களைப்பூட்டுவது "இண்டைக்கு என்ன கறி?" என்ற கேள்வியே. அதற்கு வேறு யாரோ விடை சொல்லிவிடுகிறார்கள் என்பதற்காகவே பெட்டியின் விலையைக் கொடுக்கலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெட்டி, தலைகளை எண்ணிக் கட்டப்படுவது. கொழும்புத் தமிழ்க் குடும்பத்தில் தலைகளின் எண்ணிக்கையோ யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் இரவு பஸ்ஸைப் பொறுத்தது. கடவுச்சீட்டுக்கு வரும் சித்தப்பா, விசாவுக்கு வரும் மச்சாள், வைத்தியரைக் காண வரும் மாமி என எவரும் முன்னறிவித்தலின்றி விடியற்காலையில் ஓட்டோவில் வந்திறங்கலாம். அறிவித்து வருவதைச் சற்று அந்நியமாகக் கருதுவோரும் உளர். சொதிக்குத் தண்ணீரும் தேங்காய்ப்பாலும் விட்டுச் சமாளித்த வீடுகளில், நான்கு பேருக்கென அளந்து வந்த கத்தரிக்காய்க்கு எதை விடுவது என்று தாளில் எழுதப்படவில்லை.

வருபவர் வெறுங்கையோடு வருவதுமில்லை. மிளகாயும் மல்லியும் சீரகமும் மிளகும் வறுத்து மில்லில் அரைத்த தூள், ஒடியல் மா, மோர்மிளகாய், பத்திரிகையில் சுற்றிய முருங்கைக்காய் ஆகியவை அடங்கிய அந்தப் பொதி, பெர்லின் பெட்டிக்கு மிகவும் மூத்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அது கப்பலிலும் விமானத்திலும் வருவோரின் தயவை நாடியது. அதில் செய்முறைத் தாள் கிடையாது. "தம்பி, தூளைக் கருக விட்டிடாத" என்று அம்மா தொலைபேசியில் சொல்வதே செய்முறை. அந்தத் தூள் வீட்டிலிருக்கும்வரை, பெட்டியோடு வந்த தூள் பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே மேசை லாச்சியில் தக்காளி சோஸ் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் காலாவதியாகின்றன.

ஆகவே விருந்தினர் வந்த மாலைகளில் பெட்டியும் திறக்கப்படுகிறது, கறியும் பெருக்கப்படுகிறது. முதல் நாள் பஸ் அலுப்பு இன்னும் தீராத மாமி, "எனக்கென்ன வேலை" என்று சொல்லிக்கொண்டே கத்தியை வாங்கி உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெட்ட, அருகில் நிற்கும் பெட்டி நளன், செய்முறைத் தாளின் பின்பக்கத்தில் ஏழு பேருக்கான அளவு எங்காவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.